வால் எழுபது டிகிரி

எங்கள் நாய்க்கு ஜாதி வேண்டும் என்பது வீட்டு ஓனர் ராஜசேகர் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்பக்கம் வரிசையாக ஆறு வீடு கட்டி, எங்களைப் போன்ற கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்று, வாசலில் சுருண்டு கிடந்த வாஷரைச் செருப்பு நுனியால் காட்டினார்.

"கமலக்கண்ணா, இது என்னா ஜாதிப்பா?"

"நாய்தாங்க."

"நாயின்னு எனக்குத் தெரியாதா? எந்த ஜாதி நாயி? எதிர் லேஅவுட்ல பாரு, ஒவ்வொருத்தனும் பேரே வாயில நுழையாத நாயா வெச்சிக்கினு இருக்கான். நம்ம வூட்டு வாசல்ல இது படுத்திருந்தா எனக்கு என்னா மருவாதி?"

வாஷர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனி ஸ்கிராப் யார்டில், லேத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள்களுக்கு நடுவே கையளவு குட்டியாக நான் கண்டெடுத்த நாய் அது. கோதுமை நிறம், முரட்டு முடி, முகவாயில் தாடி, பாதி மடிந்த காது. சுருண்டு படுத்தால், நட்டுக்கு அடியில் போடுகிற வாஷர் மாதிரி நடுவில் ஓட்டை விட்ட வட்டமாக இருக்கும் என்பதால் வாஷர் என்று பெயர் வைத்தேன்.

"ஜாதி நாயின்னு சர்ட்டிபிகேட் கொண்டா, தாராளமா வெச்சிக்கோ. இல்லீன்னா மாசக் கடைசிக்குள்ள நாயி போவணும், இல்ல நீங்க போவணும்" என்று சொல்லிவிட்டு ஓனர் பைக்கை உதைத்தார்.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் கிடையாது. நான் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் என் மனைவி ராசாத்திக்குப் பேச்சுத் துணை வாஷர்தான். குழம்புக்கு உப்புப் போட்டதிலிருந்து மாமியார் போனில் என்ன சொன்னார் என்பதுவரை எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வாள். அதுவும் தாடியை ஆட்டிக்கொண்டு கேட்கும். ஓனர் போனதும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இத எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டீங்க, நானும் அங்கயே போயிருவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில், கையுறை அணியச் சொல்லும் நோட்டீசுக்குப் பக்கத்தில், புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. 'உங்கள் வீட்டில் இருப்பது தளி டெரியராக இருக்கலாம்! கோதுமை நிறம், கம்பி முடி, தாடி. அரிய இனத்தை மீட்டுத் தாரீர்! சான்றிதழ் உடனே வழங்கப்படும். அகில தென்னக அரிய டெரியர் இன அங்கீகாரப் பேரவை, பாகலூர் ரோடு, ஓசூர்.' எனக்குச் சான்றிதழ் என்ற வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வாஷரோடு கிளம்பினேன்.

பேரவை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படிக்கட்டின் அடியில் மேசை போட்டு ஆஞ்சப்பன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவர் பேனா பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"நாய்க்கு விசிட்டர் பாஸ் போடணும். பேரு?"

"வாஷர்."

"அப்பா பேரு?"

"தெரியாதுங்க. நான் பாத்தப்பவே தனியாத்தான் இருந்துச்சு."

'தகப்பனார்: உடன் வரவில்லை' என்று எழுதிக்கொண்டார். பிறகு வாஷரின் கழுத்தில் 'பார்வையாளர்' என்ற அட்டையை மாட்டி, தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு வழியாக ஓட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் சேர்த்து விளக்கினார். எனக்குப் புரிந்ததா என்று கேட்டார். பிறகு குனிந்து அதற்குப் புரிந்ததா என்றும் கேட்டார்.

மேலே முதல் அறை வரலாற்றுப் பிரிவு. அதன் தலைவி வீரலட்சுமி மேடம் எங்களை உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி தளிக்கு ஒரு வெள்ளக்கார துரை வந்தார். அங்க குளிரு. குளிருக்குத் துணையா ஒரு ஜோடி டெரியர் கொண்டாந்தார். துரை போயிட்டார். டெரியர் போவல. இதான் தளி டெரியரோட தோற்றம்."

"துரை பேரு என்னாங்க மேடம்?"

"பேரு தெரிஞ்சா அது சாதாரண வரலாறுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சத சொல்றதுக்கு பேரவை எதுக்கு?"

"இதுக்கு முன்னாடி யாராச்சும் இந்த நாயப் பாத்திருக்காங்களா?"

"யாரும் பாத்ததில்ல. அதனாலதான் அரிய இனம்னு சொல்றோம். நாலு பேரு பாத்திருந்தா அதுல என்னா அருமை இருக்குது? பதினோரு வருஷமா தளி, கெலமங்கலம், குந்தாரப்பள்ளி சந்தைன்னு ஒரு எடம் விடாம தேடியிருக்கேன். ஒரு நாயி கெடைக்கல. இவ்ளோ உறுதியான ஆதாரம் வேற எந்த இனத்துக்கும் இல்ல." மேடம் மேசையைத் தட்டினார். வாஷர் தும்மியது. "இதுல எல்லைக்கு அந்தாண்ட இருக்கற அத்திப்பள்ளிக்காரங்க வேற ஒரு பேரவை ஆரம்பிச்சி, இது கர்நாடக டெரியர்னு சொல்லிக்கினு இருக்காங்க. அவங்ககிட்டயும் நாயி இல்ல. ஆனா எங்ககிட்ட இல்லாத நாயிதாங்க ஒரிஜினல்."

தலையாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். அங்கேதான் பேரவைத் தலைவர் ஜெகதீஷ் சார் இருந்தார். முப்பத்திரண்டு வருடம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவுத் தலைவராக இருந்தவராம். சுவர் முழுக்க ஒரு டிராயிங் தொங்கியது. முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என்று மூன்று கோணத்தில் ஒரு நாய். காது மடிப்பு, தாடி நீளம், மூக்கு அகலம் என்று இருபத்தெட்டு அளவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற டாலரன்ஸ்.

"எந்த நாயப் பாத்து சார் வரைஞ்சீங்க?"

"நாயப் பாத்து வரையறதா?" ஜெகதீஷ் சாருக்கு முகம் சுருங்கிப்போனது. "அதெல்லாம் ஓவியக்காரன் வேலை. மொதல்ல டிராயிங், அப்பறம்தான் நாயி. நடுவுல ஒரு நாயி கண்ணுல பட்டிருந்தா டிராயிங்கே கெட்டுப் போயிருக்கும். சுசித்ரான்னு ஒரு இன்ஜினியர் பொண்ணு, நாயே வளக்காதது, அதை வெச்சித்தான் போட்டேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த டிராயிங்கைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. நானும் எட்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு பக்கம் டிராயிங், ஒரு பக்கம் பீஸ், நடுவில் வெர்னியர். அளவு எடுக்க வருகிற எதையும் முதலில் இருபது டிகிரி ஏசி அறையில் நாலு மணி நேரம் வைக்க வேண்டும், சூட்டில் இரும்பு நீளும் என்பதால். வாஷரையும் அப்படி வைக்க வேண்டும் என்று ஜெகதீஷ் சார் சொன்னபோது, சரிதானே என்று நானே தூக்கிக் கொடுத்தேன். அது நடுங்குவதைப் பார்த்து என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். அளவில் சேராத பொருள் என்று, எங்கள் பின்னாலேயே மேலே வந்திருந்த ஆஞ்சப்பன் அதை உருவி என் கையில் கொடுத்துவிட்டார்.

நாலு மணி நேரம் கழித்து வாஷரைக் கருங்கல் பலகைமேல் நிறுத்தினார்கள். உயரம் பார்த்தார்கள். தாடியை ஸ்கேலில் வைத்தார்கள். ஒரு முடியைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் கொடுத்து அதன் தடிமன் பார்த்தார்கள். அது மைக்ரோமீட்டரை நக்கிவிட்டதால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் பின்னால் போய்க் கோணமானியை வைத்தார்.

"வால் எழுபது டிகிரி சார்! டிராயிங்லயும் எழுபது!"

அடுத்தது குணநலப் பரிசோதனை. ஜெகதீஷ் சார் எழுந்து நின்று விதிமுறையை வாசித்தார். "தளி டெரியர் தைரியம் மிக்கது, ஆனால் பேரவைத் தலைவரிடம் அதைக் காட்டாது. பிடிவாதம் உடையது; ஆனால் தீர்மானம் நிறைவேறியபின் ஒத்துக்கொள்ளும். அந்நியரைச் சந்தேகிக்கும், அந்நியர் ஆய்வுக்கு வந்தவராயின் வாலாட்டும்." இப்படி நான் பார்த்த நாய் எதுவும் கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட மேனேஜர்கள் எங்கள் கம்பெனியில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள்.

மூன்று பேரும் மூன்று மூலையில் நின்றார்கள். வீரலட்சுமி மேடம் தமிழில் "வா" என்றார். வாஷர் போனது. ஜெகதீஷ் சார் கன்னடத்தில் "பா" என்றார். அங்கேயும் போனது. ஆஞ்சப்பன் தெலுங்கில் "ரா" என்றார். அவரிடமும் போய்க் காலை முகர்ந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"எல்லை இனம்! சுத்தமான எல்லை இனம்! அத்திப்பள்ளிக்காரன் வாய அடைச்சாச்சி!"

"எங்க லைன்ல மொத வீடு கன்னடம், ரெண்டாவது தெலுங்குங்க. அங்க இருக்கற எல்லா நாயும் இப்படித்தான் வரும்" என்றேன்.

"அந்த வெவரம் வேணாம்" என்றார் வீரலட்சுமி மேடம்.

இருபத்தெட்டு அளவு. ஒன்றுகூட டாலரன்ஸை விட்டு வெளியே போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடத்தில் எந்த சப்ளையரும் முதல் தடவையே இப்படி ஒரு பீஸ் கொண்டுவந்ததில்லை. அந்தப் பூரிப்பில் இருந்தபோது ஜெகதீஷ் சார் ஒரு ஃபாரத்தை நீட்டினார். ஒரு ஷிஃப்டுக்கு அறுபது ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நான். எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று பார்ப்பேனே தவிர மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். போட்டேன். ஆஞ்சப்பன் வாஷரைத் தூக்கிக்கொண்டுபோய், ஒரு கண்ணாடிக் கதவு வைத்த அறைக்குள் விட்டுப் பூட்டினார்.

"சார், நான் கெளம்பறேன். நாய?"

"இப்பதான பேரவைக்கு எழுதிக் குடுத்தீங்க? மாஸ்டர் பீஸ வூட்டுக்கு அனுப்புவாங்களா மிஸ்டர் கமலக்கண்ணன்?"

அப்போதுதான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்குப் புரிந்தது. மாஸ்டர் பீஸ் என்றால், எல்லா அளவும் சரியாக வந்த ஒரே ஒரு பீஸ். மற்றதை எல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதை எந்த வண்டியிலும் மாட்ட மாட்டார்கள், யாரும் தொட மாட்டார்கள். அது சும்மா இருக்கும்.

"உங்க கம்பெனி மாஸ்டர் பீஸ நீங்க பாக்கெட்ல போட்டுக்கினு வூட்டுக்குப் போவீங்களா?"

"மாட்டேன் சார்" என்றது என் வாய். எட்டு வருடப் பழக்கம், கேட்டதும் வந்துவிட்டது. கையில் லேமினேட் செய்த சான்றிதழைக் கொடுத்துக் கதவுவரை வந்து வழியனுப்பினார்கள்.

வீட்டில் ராசாத்தி என் கைக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். நான் சான்றிதழைக் காட்டினேன். தளி டெரியர், உலகில் ஒன்றே ஒன்று, முத்திரை, மூன்று கையெழுத்து.

"நாய் எங்கங்க?"

சொன்னேன். அவள் சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இதுக்கு சோறு வெக்கட்டுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேசுவதற்கு வாஷரும் இல்லாததால் யாரிடமும் பேசவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

ஓனர் ராஜசேகருக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து ஃபிரேம் போட்டார். தினமும் யாரையாவது கூட்டிவந்து எங்கள் வாசலைக் காட்டி, "இங்கதான் படுத்திருக்கும்" என்றார்.

மாஸ்டர் பீஸைப் பார்க்கப் புதன்கிழமை மூன்றிலிருந்து நாலு மணிவரை அனுமதி. ராசாத்தி கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். வாஷர் உள்ளேயிருந்து முன்னங்காலால் கண்ணாடியைப் பிராண்டும். அவள் கையைத் தூக்கினால் ஆஞ்சப்பன் ஓடி வருவார். "கைய ஆட்டாதம்மா. நீ ஆட்டினா அது வால ஆட்டும், கோணம் மாறிடும்." அதற்கு எடை போட்டு பிஸ்கட் வைத்தார்கள். முதல் புதன்கிழமை அது பிஸ்கட்டை முகர்ந்து பார்த்தது. மூன்றாம் புதன்கிழமை எழுந்தே வரவில்லை. ஆஞ்சப்பன் பதிவேட்டில் 'குணநலம்: மிக அமைதி, முன்னேற்றம்' என்று எழுதியிருந்தார்.

முப்பதாவது நாள் அளவு சரிபார்ப்பு. சப்ளையர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். ராசாத்தியும் வந்தாள். வாஷரைக் கருங்கல் பலகைமேல் நிறுத்தினார்கள், நிற்கவில்லை, உட்கார்ந்துவிட்டது. எலும்பு தெரிந்தது. ஆஞ்சப்பன் பின்னால் போனவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"சார், வாலு... மைனஸ் நாப்பது."

ஜெகதீஷ் சார் முதலில் கோணமானியைச் சந்தேகப்பட்டார். வேறு கோணமானி வந்தது. அதிலும் மைனஸ் நாற்பது.

"டிராயிங் தப்பா இருக்க முடியாது" என்றார் அவர் கடைசியில். "அதனால நாயி தப்பு."

எனக்கு அடக்க முடியவில்லை. "சார், அது ஏங்கிப் போயிருக்கு சார். சோறு தின்னல. துக்கத்துல வால எறக்கிக்கிச்சு. அவ்ளோதான்."

"துக்கம்னு டிராயிங்ல எங்கியாவது போட்டிருக்குதா?"

பழக்க தோஷம், நான் திரும்பிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

வீரலட்சுமி மேடம் எழுந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "ஒரு மாசமா எனக்கு மனசே சரியில்லாம இருந்துச்சி. நாயி கெடைச்சிட்டா நம்ம இனம் அரிய இனம்னு எப்பிடி சொல்றது? இன்னிக்கி அது தீர்ந்துது. தளி டெரியர் மறுபடியும் ஒண்ணுகூட இல்ல. பேரவையோட பதினோரு வருஷ உழைப்பு காப்பாத்தப்பட்டுது." மூவரும் கைதட்டினார்கள். அறிக்கையை மூடிக் கையெழுத்துப் போட்டார்கள். வாஷரின் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டினார்கள். 'நிராகரிக்கப்பட்டது. சப்ளையரிடம் திருப்பி அனுப்புக.'

ராசாத்தி குனிந்து, "வாடா" என்றாள். அவ்வளவுதான். எலும்பும் தோலுமாகக் கிடந்த நாய் பலகையிலிருந்து ஒரே பாய்ச்சலாக அவள் மேல் விழுந்தது. வால் நிமிர்ந்து நின்றது.

"சார்! எழுபது! எழுபது சார்!" ஆஞ்சப்பன் கோணமானியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜெகதீஷ் சார் கை கண்ணாடிக் கதவின் சாவிக்குப் போனது.

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அறிவு வந்தது என்று தெரியவில்லை. "சார், ரிப்போர்ட் மூடியாச்சு. திரும்பத் தொறக்கணும்னா, தான் எங்க தப்புப் பண்ணோம்னு தலைவர் எழுத்துல குடுக்கணும்ல சார்?"

அவர் கை அப்படியே நின்றது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அதை எழுதியிருக்க மாட்டார். "மொதல்ல அத வால எறக்கச் சொல்லும்மா" என்றார் ராசாத்தியிடம். அவள் நாயைத் தூக்கிச் சேலைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஆட்டோவில் ராசாத்தி அதனிடம் ஒரு மாதப் பேச்சையும் பேசினாள். நடுவில் என்னிடமும் ஒரு வார்த்தை பேசினாள். "தள்ளி உக்காருங்க, அதுக்கு எடம் பத்தல." எனக்கு உயிர் வந்தது.

வீட்டு வாசலில் ஓனர் ராஜசேகர் இரண்டு ஆட்களை வைத்துச் சுவரில் ஒரு கிரானைட் கல்லைப் பதித்துக்கொண்டிருந்தார். பொன்னெழுத்தில் செதுக்கியிருந்தது. 'உலகின் ஒரே தளி டெரியர் வாழ்ந்த இல்லம். பேரவை வரலாற்றுப் பிரிவின் பாதுகாப்பில் உள்ளது. நாய்களுக்கு அனுமதி இல்லை.'

"இதாங்க அந்த நாய்" என்றேன்.

அவர் சிவப்பு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது ரிஜெக்ட் ஆன நாயிப்பா. இங்க இருந்தது ஒரிஜினல்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க! அங்க கொண்டுபோய் வெச்சதுல..."

"அங்க போயி கெட்டுப்போச்சி. இருந்த எடம் கெடலியே. வீரலட்சுமி மேடம் இந்த வூட்டையே ஆபீசுக்கு கேட்டிருக்காங்க. ஜாதி நாயி இருந்த வூட்ல இத்தக் கொண்டாந்து விட்டா நாளைக்கி என்னா பேசுவாங்கோ? நீங்க வேற எடம் பாத்துக்கோங்கப்பா."

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். ராசாத்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அன்று மத்தியானமே ஒரு டாடா ஏஸ் பிடித்தோம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஏற்றி, மெத்தைமேல் வாஷரை உட்காரவைத்தோம். கூட வேலை செய்கிற கோபி சொன்னபடி கெலமங்கலத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம்.

நல்ல வீடு. முன்னால் கொஞ்சம் காலி இடம்கூட இருந்தது. வீட்டுக்காரம்மா சுமலதா வெளியே வந்து, வண்டி மேலிருந்த வாஷரைப் பார்த்துச் சிரித்தார்.

"நாயி இருக்குதுங்க" என்று நான் பயந்துகொண்டே சொன்னேன்.

"இருந்தா இருந்துட்டுப் போவுது. நாயில என்னாங்க இருக்குது, எதுவா இருந்தா என்னா? எங்களுக்கு அந்த மாதிரி எல்லாம் கெடயாது." சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, எங்கள் இருவரையும் மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். "ஆமா, நீங்க என்னா ஆளுங்க?"

நான் ராசாத்தியைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். அப்புறம் வண்டிப் பக்கம் திரும்பினாள்.

"டிரைவர் அண்ணா, இன்ஜின நிப்பாட்டாதீங்க. இன்னும் கொஞ்ச தூரம் போவணும்."